களையே இல்லாத தோட்டம்

"அம்மா, என் மரம் செத்துக்கிட்டு இருக்கு."

உலகம்மாள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மனுசனுக்காக வந்திருக்கியளா, மரத்துக்காகவா?"

"மரத்துக்காகத்தான்."

"அப்ப உக்காருங்க. மனுசன்னா நேரமாவும்."

குத்தாலிங்கம் உட்கார்ந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எதிரே இருப்பவளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்காது. மலைக்கோயிலுக்கு ஏறிப் போகிறவர்கள் இறங்கி வரும்போது ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போகிற மடம் அது. அதன் அடுப்பும் அவள்தான், வாசலும் அவள்தான். மொட்டைத் தலை. ஆனால் காவி கிடையாது, சாயம் போன நீலச் சேலை. "முன்னால என்னவா இருந்திய?" என்று யாராவது கேட்டால், "மொதல்ல கஞ்சியக் குடிங்க" என்பாள்.

கேள்வியோடு போகிறவர்களுக்கு அங்கே பதில் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. வேலை கிடைப்பது உறுதி.

குத்தாலிங்கத்தின் முன்னால் ஒரு முறம் கீரை வந்தது. ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"கொய்யா மரம். எங்க பாத்தாலும் மாவுப்பூச்சி. பஞ்சைப் பிச்சு ஒட்டினாப்ல வெள்ளை வெள்ளையா இருக்கு. இலையெல்லாம் பிசுபிசுங்குது. அந்தப் பிசுபிசுப்பு மேல கரியப் பூசினாப்ல கறுப்பு. பிஞ்சு சுருங்கி விழுது."

"என்ன செஞ்சிய?"

"சோப்புத் தண்ணி அடிச்சேன். வேப்பெண்ணெ அடிச்சேன். வீட்டுக்காரி பீடி சுத்துதா, அவ கழிச்சுப் போட்ட புகையிலத் தூள ஊறவச்சு அடிச்சேன். கடைசியில கடை மருந்தும் வாங்கி அடிச்சேன்."

"மரம் என்ன செஞ்சுது?"

"அது என்ன செய்யும்? நின்னுச்சு."

"நல்ல மரம்," என்றாள் உலகம்மாள். "இத்தன அடிக்கு நானா இருந்தா ஓடியிருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி கெடு வச்சிருக்கான்மா. ரெண்டு வீட்டுக்கும் முன்னால முத்தம் ஒண்ணுதான். போன பொங்கலுக்கு, பால் பொங்குற நேரத்துல, மரத்துலருந்து பூச்சி உதிர்ந்து பானைக்குள்ள விழுந்துட்டு. அவன் பொண்டாட்டி அழுதே போட்டா. தை பொறக்குறதுக்குள்ள சரியாவலன்னா மரத்த வெட்டிருவேன்னு சொல்லிட்டான்."

"வெட்டட்டும். வேற ஒண்ணு வச்சுக்கிடுங்க."

கீரையில் அவர் கை நின்றது.

"மில்ல மூடின மறுநாள் வச்ச மரம்மா. முப்பத்தோரு வருசம் துணியில குறை பாக்குறதுதான் என் வேலை. துணி ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு முடிச்சு, ஒரு எண்ணெக் கறை, விட்டுப்போன ஒரு இழை, எதுவும் எனக்குத் தப்பாது. அடுத்தவன் நெய்ததுல குத்தம் கண்டுபிடிச்சே காலம் போச்சு. நானா ஒண்ணு உண்டாக்கினேன்னா அது அந்த மரம்தான்."

"பிள்ளைங்க இல்லையா?"

"ரெண்டு மக இருக்கு. அது அவ உண்டாக்கினது."

உலகம்மாள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மரத்துல எறும்பு ஏறுதா?"

"சாரை சாரையா ஏறுது. பாவம், பூச்சியத் திங்கத்தான் ஏறுது. அத மட்டும் நான் ஒண்ணும் செய்யல."

"திங்கவா ஏறுது?"

"பின்ன எதுக்கு?"

"சனிக்கிழமை வாரேன்," என்றாள். "கீரையில நல்லதுல பாதியக் கழிச்சிட்டிய, பாருங்க."

பார்த்தார். உண்மைதான். ஒரு ஓட்டை இருந்த இலையெல்லாம் கழிவில் கிடந்தது.

*

சனிக்கிழமை வந்தாள்.

முற்றத்து மண் தலை வாரிவிட்டாற்போல இருந்தது. ஒரு வரிசை கத்தரி, ஒரு வரிசை வெண்டை, நாலு தக்காளி. நடுவில் கொய்யா. நூல் பிடித்தாற்போல நேர் கோடுகள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே வெறும் மண். ஒரு புல்லின் நுனிகூட இல்லை.

மரத்தடியில் அவர் மனைவி ஆவுடையம்மாள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு மேலே தகரம். வெயிலில் உள்ளே உட்கார முடியாது. பகலெல்லாம் அவளுக்கு அந்த நிழல்தான்.

உலகம்மாள் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அண்ணாச்சி, தோட்டத்துல களையே இல்லையே."

குத்தாலிங்கத்துக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது.

"ஒண்ணு இருக்காதும்மா. தெனம் காலையில ரெண்டு மணி நேரம் களைக்கொட்டும் கையுமாத்தான் கெடப்பேன்."

ஆவுடை பக்கென்று சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்க?"

"நூலு அறுந்துட்டு."

நூல் அறுந்தால் யாராவது சிரிப்பார்களா? அவர் அதை யோசிக்கவில்லை. மருந்துக்காகக் காத்திருந்தார். உலகம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். போய்விட்டாள்.

மறுநாள் டீக்கடையில் சொன்னார். "மடத்தம்மாவே வந்து பாத்துச் சொல்லிட்டாவ, களையே இல்லன்னு." அதற்கு மறுநாளும் சொன்னார்.

உற்சாகம் கூடிப்போய், மதில் சுவரின் செங்கல் இடுக்கில் முளைத்ததைக்கூடக் கோணி ஊசியால் நெம்பி எடுத்தார்.

பூச்சி பெருகியது.

*

ஆவணியில் மறுபடி மடத்துக்குப் போனார். இந்தத் தடவை தேங்காய் துருவும் வேலை.

"நீங்க வந்து ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டியளேம்மா."

"சொன்னேனே."

"களையே இல்லன்னு சொன்னிய."

"அதேதான்."

"அது பாராட்டுல்லா?"

உலகம்மாள் கஞ்சியைத் துழாவினாள்.

"அன்னைக்கு ஒரு ஆளு சிரிச்சாங்களே, அவங்ககிட்ட கேக்கலையா?"

வீட்டுக்கு வந்து கேட்டார். ஆவுடை பீடியின் வாயை மடித்துக்கொண்டே திருப்பிக் கேட்டாள்.

"நம்ம சின்னவளப் பொண்ணு பாக்க மொதல்ல ஒரு கூட்டம் வந்துச்சே. போயி என்ன சொல்லி விட்டாங்க?"

"மூக்கும் முழியும் இருக்கு, மொகத்துல களை..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னைக்கு அருவாளத் தூக்கிக்கிட்டுக் கெளம்பினிய. இன்னைக்கு அதையே டீக்கடையில உக்காந்து ஊருக்கெல்லாம் சொல்லுதிய."

குத்தாலிங்கம் தோட்டத்தைப் பார்த்தார். வாரிய தலை. நேர் கோடுகள். வெறும் மண்.

களைக்கொட்டை எடுத்து வீட்டுக்குள் பரணில் போட்டார்.

*

புரட்டாசியில் ஒரு மழை பெய்தது. எங்கேதான் ஒளிந்திருந்ததோ, எல்லாம் முளைத்தது.

அவருக்கு ஒன்றின் பெயரும் தெரியவில்லை. இத்தனை வருஷம் பிடுங்கியவருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

"இது என்னது?"

"தும்பை," என்றாள் ஆவுடை.

"இந்த மஞ்சப் பூ?"

"மூக்குத்திப்பூண்டு."

"இது?"

"நாயுருவி. வேட்டியில ஒட்டும், தள்ளி நில்லுங்க."

"அந்தா நிக்குல்லா, அது?"

"பேரு தெரியாது. எங்கூர்ல ஆடு திங்கும்."

பூ வந்தது. பூவைத் தேடி என்னென்னவோ வந்தன. ஒரு ஈ, காற்றில் ஆணி அடித்தாற்போல அசையாமல் நின்றது. கையை நீட்டினால் அரை அடி தள்ளிப் போய் அங்கே ஓர் ஆணியில் நின்றது. ஒரு குளவி, குளவி என்று சொல்லவே வெட்கப்படும்படி, அறுந்த நூல் நுனி அளவுக்கு இருந்தது.

மில்லில் கண் நிற்கும், துணி ஓடும். இங்கே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கண்தான் ஓடியது.

காலையில் காப்பி ஆறிப்போகிற வரை மரத்தடியில் நிற்கலானார். ஒருநாள் எறும்பைப் பார்த்தார். மாவுப்பூச்சியின் முதுகை மீசையால் தட்டியது. தடவியது. பூச்சியின் பின்னாலிருந்து ஒரு சொட்டு வந்தது. எறும்பு அதைக் குடித்தது. பூச்சியை ஒன்றும் செய்யாமல் அடுத்ததிடம் போனது.

"ஏ ஆவுடை, இங்க வா! இது திங்க வரல. பால் கறக்க வருது!"

"மாட்டுக்காரன்தானா? நான் போலீஸ்காரன்னுல்லா நெனச்சேன்."

அன்றைக்கே அடிமரத்தில் பழந்துணியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினார். எறும்பு ஏறுவது நின்றது.

தனக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அப்படி நினைத்த வாரத்தில்தான் அவர்கள் கண்ணில் பட்டார்கள்.

*

ஐப்பசி நடுவில் ஒரு காலை. வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே வேறு சில வெள்ளைப் பூச்சிகள். அதே மாவு, அதே பஞ்சு. ஆனால் மூன்று மடங்கு பெரியவை. உடம்பெங்கும் வெள்ளை மயிர் தொங்கியது. மற்றவை ஒட்டிய இடத்தில் கிடக்க, இவை மட்டும் கிளையில் மேலும் கீழும் விரைந்து அலைந்தன. கூட்டத்துக்குள் புகுந்தன. ஒவ்வொன்றின் மேலும் குனிந்து பார்த்தன.

மில்லில் மேஸ்திரி சுற்றி வருவது அப்படித்தான் இருக்கும்.

"இவனுவதான் தலைவனுங்க," என்றார் குத்தாலிங்கம்.

துணியில் முடிச்செடுக்கிற சின்ன இடுக்கி அவரிடம் இன்னும் இருந்தது. முப்பத்தொரு வருஷம் பழகிய விரல். ஒரு கொழுந்துகூடக் கிள்ளாமல், ஒரு பூகூட உதிராமல், பெரியதாகப் பார்த்து, ஓடுவதாகப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்ப் பாட்டிலில் போட்டார். தினமும் போட்டார். மருந்து வேண்டாம், மாயம் வேண்டாம். தலையை எடுத்தால் உடம்பு தானாக விழும்.

கார்த்திகை பிறந்ததும் பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனார்.

உலகம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"பதினெட்டு நாள்."

"ஒண்ணுகூடத் தப்பலையா?"

"என் கண்ணுக்காம்மா தப்பும்?"

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள், தூங்குகிற எதையோ வைப்பதுபோல. எழுந்து உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த ஓர் ஊறுகாய்ப் பாட்டிலோடு வந்தாள்.

"இனிமே கெடைக்கிறதுல அஞ்சே அஞ்ச இதுல போடுங்க. மண்ணெண்ணெ வேண்டாம். பூச்சி புடிச்ச குச்சியா ஒண்ணு ஒடிச்சு உள்ள வையுங்க. வாயில துணியக் கட்டிருங்க. தெனம் பாருங்க."

"குச்சி எதுக்கும்மா?"

"சாப்பாட்டுக்கு."

"யாரு சாப்பாட்டுக்கு?"

"கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

"அப்ப மரத்துல இருக்கிற மத்த தலைவனுங்க?"

"பாட்டில்ல என்ன நடக்குதுன்னு தெரியிற வரைக்கும் கைய மடிச்சு வையுங்க."

*

மறுநாள் குச்சியில் இருந்த பூச்சிகள் குறைந்திருந்தன. எண்ணிப் பார்த்தார். தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினார்.

மூன்றாம் நாள் குச்சி வெறுங்குச்சி. புதுக் குச்சி வைத்தார்.

நாலாம் நாள் கண்ணாலேயே பார்த்துவிட்டார். பெரியது சின்னதின் மேல் குனிந்தது. எழுந்தபோது சின்னதின் இடத்தில் காய்ந்த தோல் ஒன்று இருந்தது.

"ஆவுடை, தலைவன் தன் ஆளையே திங்கான்."

"உங்க மில்லு மேனேஜர் மாதிரிதான்."

சிரித்தார். ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டிலைவிட்டு நகரவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

பத்து நாளில் ஐந்தும் துணியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டன. அசையவில்லை. உள்ளேயே செத்துவிட்டன என்று நினைத்தார். கொட்டிவிடலாமா என்று பாட்டிலைக் கையில் எடுத்தார். "தெரியிற வரைக்கும்னுதானே சொன்னாவ," என்றாள் ஆவுடை. வைத்துவிட்டார்.

அதற்குப் பின் எட்டு நாள் கழித்து, ஒரு விடிகாலையில், பாட்டிலுக்குள் வண்டுகள் ஊர்ந்தன.

அரை மிளகு அளவு. கறுத்த முதுகு பளபளத்தது. தலை மட்டும் செங்கல் நிறம். வழுவழுவென்றிருந்த உடம்பில் மாவும் இல்லை, மயிரும் இல்லை. அத்தனை அழகு.

ஐந்து வண்டுகள்.

வெள்ளைத் தலைவர்கள் இருந்த இடத்தில் ஐந்து காலிக் கூடுகள்.

குத்தாலிங்கம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கட்டியிருந்த துணியை வெயிலுக்கு நேரே பிடித்தார். எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும். ஒரு இழை விட்டுப்போயிருக்கும். வண்டுகள் வெளியிலிருந்து அந்த வழியாகப் புகுந்திருக்கும். தலைவர்களைத் தின்றிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

துணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

வாழ்நாளில் அவர் இத்தனை ஆசையோடு ஒரு குறையைத் தேடியதில்லை.

துணியில் குறை இல்லை.

*

மடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார். உலகம்மாள் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"அம்மா. நான் மண்ணெண்ணெயில போட்டதெல்லாம்..."

அவள் கோடாலியை நிறுத்தினாள்.

"மாவுப்பூச்சியத் திங்க வந்ததையா நான் பொறுக்கினேன்? பதினெட்டு நாளா? ஒண்ணு விடாமலா?"

ஒரு சிராயைப் பொறுக்கி அடுப்பங்கரைப் பக்கம் போட்டாள்.

"அதுவும் அதே மாதிரித்தானம்மா இருந்துச்சு. அதே வெள்ளை. அதே பஞ்சு. பூச்சிக்குள்ளயே பூச்சி மாதிரி வேசம் போட்டுக்கிட்டு வந்தா ஒரு மனுசனுக்கு எப்படித் தெரியும்? இதுக்குப் பேரு என்ன?"

"பேரு தெரிஞ்சிருந்தா கொன்னுருக்க மாட்டியளோ?"

அவர் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பாட்டிலுக்குள் வண்டுகள் மேலே ஏறின, வழுக்கி விழுந்தன, மறுபடி ஏறின.

"பரிகாரம் ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"இருக்கு. ஆனா கஷ்டம்."

"என்னன்னாலும் செய்யுதேன். மலைக்குப் படி ஏறணுமா?"

"வண்டுகள மரத்துல விட்டுட்டு, மரத்தடியில போய் உக்காருங்க. தை பொறக்குற வரைக்கும் ஒண்ணும் செய்யாதிய."

"ஒண்ணுமேவா?"

"கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

"மரம் பொழச்சிருமா?"

"எனக்குச் சமையல்தான் தெரியும் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு உலகம்மாள் அடுத்த கட்டையை நிறுத்தி வைத்தாள்.

*

மார்கழியில் குத்தாலிங்கம் மரத்தடியில் உட்கார்ந்தார்.

மரம் வெளுத்தது.

முதல் வாரம் ஒரு கிளை. அடுத்த வாரம் நாலு கிளை. பனி இறங்கினாற்போல எங்கும் வெள்ளை. அது பூச்சியின் வெள்ளையா, பூச்சியைத் தின்ன வந்ததின் வெள்ளையா? நோய் கூடினாலும் மரம் இப்படித்தான் வெளுக்கும். தீர்வது என்றாலும் முதலில் இப்படித்தான் வெளுக்கும். பெரியவை தெரிந்தன. ஆனால் வண்டுகள் போட்ட குஞ்சுகள் இருக்குமே, அவை மாவுப்பூச்சியின் அளவுதான். அவற்றுக்கும் பஞ்சு. அவற்றுக்கும் மாவு.

விரல் நமைத்தது. ஒருநாள் தன்னை அறியாமல் இடுக்கியை எடுத்துவிட்டார். பிறகு அதை ஆவுடையிடம் கொடுத்து, "எங்கயாவது ஒளிச்சு வச்சிரு. எங்கன்னு எனக்குச் சொல்லாத," என்றார்.

"சும்மா இருக்கது கஷ்டமா இருந்தா பீடி இலை வெட்டித் தாங்களேன்."

"ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

"நல்ல அம்மாவாப் பாத்துப் பிடிச்சிய," என்றாள் ஆவுடை.

ஆனால் வேறொன்றும் நடந்தது. மரத்தடியில் சும்மா இருக்கிறவர் வேறு என்ன செய்வார்? பக்கத்தில் ஆவுடை இருந்தாள். இலையை மடிப்பாள், தூளை அள்ளி வைப்பாள், சுருட்டுவாள், நூலால் ஒரு சுற்று, வாய் மடிப்பு. ஒரு பீடி. பார்வை தட்டில் இருக்காது. வாய் பேசிக்கொண்டிருக்கும். விரல் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும்.

"அளவு பாக்காம எப்படி எடுக்க?"

"இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கேக்கிய."

*

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. ராத்திரி பெய்த தூறலில் மண் ஈரமாக இருந்தது. கோமதிநாயகம் கோடாலியோடு வந்தான். குத்தாலிங்கத்தின் தம்பி, ஐம்பது வயது, சிமெண்டுக் கடையில் லோடுமேன். சுமந்து சுமந்து கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது.

"அண்ணே, எந்திரி."

"இன்னும் நாலு நாள் இருக்குடே."

"நாலு நாள்ல என்னத்தக் கிழிக்கப் போற? முந்தாநாளவிட இன்னைக்கு வெள்ளையா இருக்கு. தெருவுல போறவன் நின்னு பாக்கான். முத்தத்த மெழுகணும், கோலம் போடணும், அடுப்புக்கட்டி வைக்கணும். எந்திரின்னா."

"அதெல்லாம் பூச்சி இல்லடே. பூச்சியத் திங்கிற பூச்சியும் அதுல இருக்கு."

"எல்லாம் வெள்ளைதான்."

"எல்லாம் வெள்ளைதான். ஆனா ரெண்டும் வேற."

கோமதிநாயகம் கோடாலியைத் தோளிலிருந்து இறக்கினான். ஒரு கொம்பை வளைத்து அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"சரி. இதுல எது திங்கிறது, எது திங்கப்படுறது? காட்டு. காட்டிட்டியன்னா இப்படியே திரும்பிப் போறேன்."

குத்தாலிங்கம் கொம்பைப் பார்த்தார்.

சின்னச் சின்னதாக வெள்ளை. பத்து இருக்கும், பன்னிரண்டு இருக்கும். பெரியது ஒன்றுகூட அந்தக் கொம்பில் இல்லை. எல்லாம் ஒரே அளவு. எதுவும் ஓடவில்லை. விடிகாலைக் குளிரில் எல்லாமே மடங்கிக் கிடந்தன.

ஏதாவது ஒன்றைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். தம்பிக்கு என்ன தெரியப் போகிறது? விரல் எழுந்தது. பாதி வழியில் நின்றது.

"முப்பத்தோரு வருசம் துணியில குறை பாத்த கண்ணு," என்றான் தம்பி. "தெரியலையா?"

"தெரியலடே."

ஆவுடையின் கையில் சுற்றிக்கொண்டிருந்த பீடி நின்றது. அந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை.

கோமதிநாயகமும் கேட்டதில்லை. வளைத்த கொம்பை விடவும் இல்லை, முறிக்கவும் இல்லை. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. மூக்கு இலையில் இடிக்கும்படி கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னத்தத்தான் பாக்க?"

"வெயில் வரட்டும்னு இருக்கேன். சூடு ஏறுனா பசிக்கும். பசிச்சா எது எந்திரிச்சு வருதுன்னு பாக்கணும்."

கோமதிநாயகம் கிழக்கே பார்த்தான். மதிலுக்கு மேலே வெயில் வந்துகொண்டிருந்தது. கடைக்கு இன்னும் நேரம் இருந்தது.

"நகரு," என்றான்.

மண் ஈரம். கோடாலியைக் கீழே படுக்கப் போட்டு அதன் காம்பின்மேல் குத்தவைத்து உட்கார்ந்தான். கொம்பை விடவில்லை. இரண்டு தலைகளும் இடித்துக்கொண்டன.

வெயில் சுவரில் இறங்கியது. தும்பையில் இறங்கியது. மரத்தின் இடுப்பில் ஏறியது. அவன் கைக்கு வந்தது. கொம்புக்கு வந்தது.

நேரம் போனது.

"கொழுந்தரே," என்றாள் ஆவுடை. "கடைக்கு மணியாவலையா? மரத்த வெட்டணும்னு வந்தியளே?"

"சத்தம் போடாதிய மதினி," என்றான் கோமதிநாயகம். "ஒண்ணு எந்திரிக்கி."